பேட்டரியைக் கழற்றியதில் போன அரிசி

மிஷின்கள் தங்கள் தவறை எப்படிச் சமாளிக்கின்றன என்று என் பழைய மாணவி கனிமொழியிடம் அடிக்கடி கேட்பேன். ரேஷன் கடைகளில் விரல் ரேகை வாங்கிப் பில் போடும் மிஷின்களைப் பழுது பார்ப்பது அவள் வேலை. "கேட்டுக்கிட்டே இருக்கீகளே சார், ஒருநா கூட வாங்க" என்றாள். இரண்டு மாதங்களுக்கு முன், ஒரு மாதக் கடைசி நாளில் கிளம்பினோம்.

அருப்புக்கோட்டையிலிருந்து எம்.ரெட்டியபட்டிக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். வழி நெடுக சோளம் முழங்கால் உயரத்திலேயே கருகி நின்றது. இறங்கிய ஊரின் பெயரை எழுத மனமில்லை.

அங்கே டவர் கண்மாய்க்கரையில் மட்டுமே எடுக்கும். கடைக்காரர் மிஷினோடு கரைக்கு வந்து பில் போடுவார்; அதைக் காட்டிக் கீழே கடையில் அரிசி வாங்க வேண்டும். நாங்கள் கரையேறும்போது, கூலி வேலை செய்யும் மாரியம்மாள் விரல் வைத்ததும் மிஷின் நின்றுபோயிருந்தது.

"ஏலே, விரலைப் பிடிச்சு ஜோசியமா பாக்கிற? வெயிலு மண்டையப் பிளக்குது!" என்று வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

கடைக்காரர் பேட்டரியைக் கழற்றி மாட்டினார். மிஷினுக்கு உயிர் வந்தது. மறுபடி விரல் வைத்தால், 'பொருள் ஏற்கெனவே வழங்கப்பட்டது' என்றது.

"அண்ணே, ஒரு மணி அரிசி வாங்கலையே நானு!"

"வாங்கித் தின்னுட்டு வந்து நிக்கிறாளோ என்னமோ" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள்.

கனிமொழி பதறினாள். "பேட்டரியக் கழட்டுனீகளா அண்ணே?"

"எப்பவும் அப்படித்தாம்மா. கழட்டி மாட்டுனா சரியாயிரும்."

"மிஷினு சரியாயிரும். பாதியில நின்ன பதிவு போயிரும்."

நடந்தது இதுதான். பதிவுத் தபால் போய்ச் சேர்ந்துவிட்டது, ஒப்புகை அட்டை மட்டும் வழியில் தொலைந்தது என்று வையுங்கள். மாரியம்மாளின் பதிவு தலைமைக் கணினிக்குப் போய்விட்டது. பதில் வரும்முன் டவர் போனது. பதில் வராவிட்டால், 'அந்தப் பதிவை ரத்து செய்' என்று மிஷினே எழுதி வைத்துக்கொண்டு, டவர் வந்ததும் அனுப்பும். சற்றுப் பொறுத்திருந்தால் போதும். பேட்டரியோடு அந்த ரத்தும் அழிந்தது. ஒருவருக்கு இருமுறை கொடுத்துவிடக் கூடாது என்ற காவல் மட்டும் சரியாக வேலை செய்தது.

தலைமைக் கணினியில் ஏறிய பதிவைக் கனிமொழியால் இங்கிருந்து அழிக்க முடியாது; புகார் பதிந்தாள். வரிசை நகர்ந்தது. சாயங்காலம்வரை கடை தடையின்றி ஓடியது.

அரிசி நான் வாங்கித் தருகிறேன் என்றேன். மாரியம்மாள் பையை மடித்து இடுப்பில் செருகினாள். "நீங்க தருவீக சார். நான் பொய் சொல்றேன்னு சிரிச்சாகளே, அதுக்கு என்ன செய்யட்டும்?"

அந்தப் பக்கம் போகிறவர்கள் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். மதியத்துக்கு மேல் ஆட்டோ அரிது. எந்த மிஷின் நடுவில் நின்றாலும் உடனே அணைக்க விடாதீர்கள். புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லத்தான் நினைத்தேன். மாரியம்மாளிடம் அது இருக்கிறது. 'பொருள் வழங்கப்பட்டதாகப் பதிவு உள்ளதால் புகார் முடிக்கப்பட்டது' என்று பதிலும் வந்துவிட்டது.