இடது காலுக்கு அ, வலது காலுக்கு ஆ

என் அலமாரியில் கறுப்புக் காகிதம் சுற்றிய இரண்டு புட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் ‘அ’, மற்றதில் ‘ஆ’ என்று கல்லூரியில் ரசாயனச் சோதனைகள் சொல்லித்தந்த டெமான்ஸ்ட்ரேட்டர் சார் தம் கையால் எழுதி ஒட்டிய சீட்டு. இரண்டும் காலி. தூக்கிப் போட எத்தனையோ தடவை எடுத்து, எடுத்த கையோடு திரும்ப வைத்திருக்கிறேன்.

நாற்பத்திரண்டில், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. எங்கள் கல்லூரியை மூடினார்கள். சார் மனைவி மக்களைத் திருநெல்வேலிக்கு ரயிலேற்றிவிட்டு, மயிலாப்பூரில் ஒரு மாடி அறையில் தனியாகத் தங்கிவிட்டார். ரசாயனக் கூடத்தின் அட்டெண்டரான எனக்கும் போக்கிடம் இல்லை. கூடத்துச் சாவி என்னிடம்தான் இருந்தது. கச்சேரி ரோட்டில் பட்டப்பகலில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கும். அடையாற்றங்கரையிலிருந்து நான் நொச்சி ஒடித்து வருவேன். அவர் அதை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடித்து, பிரித்து, மறுபடியும் பிரித்துக்கொண்டிருப்பார். நொச்சி வீக்கத்தைக் குறைக்கும் என்பது ஊரறிந்த விஷயம். அதிலுள்ள எந்தச் சத்து குறைக்கிறது என்பதுதான் அவர் கேள்வி. அதைக் காட்டிவிட்டால் பெங்களூரில் ஆராய்ச்சி வேலை கிடைக்கும், குடும்பத்தை அங்கே அழைத்துக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தார்.

சோதனைக்கு ஆளுக்கு எங்கே போவது? அவருடைய முழங்கால்கள் இரண்டும் வீங்கித்தான் கிடந்தன. அவையே போதும் என்றார். ஒரு புட்டியில் பிரித்தெடுத்த சத்தைக் கலந்த எண்ணெய். மற்றதில், நிறம் ஒத்துப்போகக் கீரைப் பச்சை கலந்த வெறும் எண்ணெய். வாசனை தெரியாமலிருக்க இரண்டிலும் கற்பூரம். நிரப்ப வேண்டியவன் நான். எதில் எது என்று எனக்கு மட்டுமே தெரியும்.

“இன்னாத்துக்கு சார் ஒரு கால மட்டும் கஷ்டப்பட வுடறீங்க?” என்று கேட்டேன்.

“எதுல மருந்துன்னு எனக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா மனசு பொய் சொல்லும்,” என்றார்.

அன்று மாலை அவர் தண்ணீர்க் குடத்தோடு மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதைப் பார்த்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை. கூடத்துக்குத் திரும்பிப் போய் இரண்டு புட்டியிலும் மருந்தையே ஊற்றினேன்.

பதினைந்து நாள், காலைதோறும் நூல் சுற்றி அளந்தார். இரண்டு காலும் ஒன்றுபோல வற்றிக்கொண்டே வந்தன. நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன், மடையன். கடைசி நாள், “இப்பச் சொல்லு, எதுல மருந்து?” என்று கேட்டார்.

“அ-வுல சார்.”

அளந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டார். “அப்ப வெறும் எண்ணெய்க்கும் வத்தியிருக்கு. தானா வத்துன வீக்கம். நொச்சியில நான் தேடுனது இந்தச் சத்துல இல்ல.”

கோபமே இல்லாமல் சொன்னார். மிச்சமிருந்த சத்தைத் தாமே தொட்டியில் கொட்டிக் கழுவினார். உண்மை என் நாக்கு நுனிவரை வந்தது. இவ்வளவு நாள் கழித்து எப்படிச் சொல்வது என்ற வெட்கத்தில் விழுங்கிவிட்டேன். அடுத்த வாரம் எழும்பூரில் அவரை வண்டியேற்றினேன். கால் வலியில்லாமல் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு ஏறினார். ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராகிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்போதாவது ஒரு கார்டு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இப்போது எழுத அவரும் இல்லை.

இந்த வருஷம் என் முழங்கால்கள் வீங்கிவிட்டன. நொச்சியை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, அவர் செய்தபடியே பிரித்து வைத்திருக்கிறேன். புட்டிகளையும் கழுவித் துடைத்தாயிற்று. எதில் எது என்று எனக்குத் தெரியாமல் நிரப்பித் தர இந்த வீட்டில் இன்னொரு ஆள் இல்லை.