மூச்சுக்கு இடமில்லாத பாட்டு

பற்றிமா தெரிவு செய்த பாட்டில் மூச்சு விட இடமில்லை. எழுதியவன் அதை மனிதர் பாடுவதற்கென்று எழுதவில்லை. ஜப்பானில் ஏதோ ஓர் அறையில் இருந்துகொண்டு, கணினிக்குள் இருக்கும் ஒரு குரலுக்காக எழுதினான். சொல்லையும் சுரத்தையும் கொடுத்தால் அந்தக் குரல் பாடும். அதற்கு நெஞ்சு இல்லை, களைப்பு இல்லை. ஒரு வரி முடிகிற இடத்திலேயே அடுத்த வரி தொடங்கிவிடும். கடைசிப் பல்லவியில் சுருதியும் ஒரு படி ஏறும்.

வெஸ்ட்மீட்டில் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை நிரப்புகிற, நாற்பதைத் தாண்டிய பற்றிமா, இந்தப் பாட்டை மேடையில், அதன் வேகத்திலேயே, முழுவதும் பாடி முடிக்க வேண்டும் என்று நினைத்தாள்.  ஏன் இந்தப் பாட்டு என்று கேட்டவர்களுக்கு, வேறு பாட்டு வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

அவள் பேசாலைக்காரி. கலியாணம் முடித்து, வெஸ்ட்மீட்டுக்குப் பக்கத்து ஊரான டூங்கபிக்கு வந்தவள். கணவன் கிறகோரி விடியப்புறம் பேக்கரியில் பாண் ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போகும் லொறி ஓட்டுகிறான். மகள் ஜெனோஜா கன்பராவில் படிக்கிறாள். டூங்கபிக்கு வந்த மாதமே பற்றிமா கத்தோலிக்கக் கோவிலின் தமிழ்ப் பூசைப் பாடகர் குழுவில் சேர்ந்தாள். அன்றிலிருந்து இரண்டாம் வரிசையில் ஓரக் கதிரை அவளுடையது.

பிறகு கொரோனா வந்தது. கோவிலுக்குள் பாடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஆஸ்பத்திரி வேலை நிற்கவில்லை, பாட்டுத்தான் நின்றது. வேலைக்கு முன் கார்த் தரிப்பிடத்தில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, போனில் ஓடும் பாட்டுகளோடு சேர்ந்து பாடினாள். ஒருநாள் எண்பதுகளின் தமிழ்ச் சினிமாப் பாட்டொன்று முடிய, போன் தானாகவே இன்னொன்றைப் போட்டது. பாஷை விளங்கவில்லை. ஆனால் அந்தக் கீபோர்ட்டும் பேஸ் கிற்றாரும், படியிறங்கி வருவது போல வரும் வயலின்களும் அவளுக்குத் தெரிந்த வீட்டுக்காரர் மாதிரி இருந்தன. ஷிஃப்ட் தொடங்கும்வரை அதையே திரும்பத் திரும்பப் போட்டாள்.

தட்டு வரிசையில் அவளுக்கு எதிரே நின்று சூப் ஊற்றுபவள் அயாக்கோ. ஒசாக்காக்காரி. போனை வாங்கிக் காதில் வைத்துவிட்டுச் சிரித்தாள். இது தன் தாய் கேட்ட பாட்டு என்றாள். சிற்றி பொப் என்பார்களாம். அங்கே எல்லோரும் மறந்துபோயிருக்க, வெளிநாட்டுப் பிள்ளைகள் போனில் கேட்டுக் கேட்டுத் திரும்ப எழுப்பிவிட்டார்களாம்.

அதற்குப் பிறகு அயாக்கோ ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒரே உடுப்பில் ஆடிப்பாடும் பெண்பிள்ளைகளின் கூட்டம். ஐடல் என்று பெயர். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம் உண்டு, அந்த நிறத்து விளக்கை ஆட்டுகிற ரசிகர்கள் உண்டு. எந்த அடியில் எதைக் கத்துவது என்றுகூட ரசிகர்கள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்கள். பற்றிமாவுக்குப் பார்க்கப் பிடித்தது, பாடப் பிடிக்கவில்லை. பிறகு கார்ட்டூன் தொடர்களின் தொடக்கப் பாட்டுகள். ஒன்றரை நிமிடத்துக்குள் ஒரு யுத்தம் தொடங்கி முடிந்துவிடும். இந்த வருடங்களின் பாட்டுகளுக்கோ முன்னிசையே இல்லை. கேட்பவர்கள் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயத்தில் எடுத்த எடுப்பிலேயே குரல் வந்தது.

கடைசியாகக் கணினிக் குரல். அதற்கு எழுதிப் பழகியவர்களே இப்போது மனிதருக்கும் எழுதுகிறார்கள், அதனால்தான் எல்லாப் பாட்டும் இப்படி ஓடுகிறது என்றாள் அயாக்கோ. முகத்தைக் காட்டாமல் அந்தப் பாட்டுகளை எடுத்துப் பாடி வலையேற்றுகிற ஒரு பெரிய கூட்டமும் இருந்தது. பற்றிமா அந்தப் பாட்டுகளிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய வேலையும் அவற்றைப் போல நிற்காமல் ஓடுவதுதான். தட்டுகள் வரும் பெல்ற் யாருக்காகவும் நிற்காது. கோதுமை மா ஒத்துவராதவர், உப்புக் கூடாதவர், விழுங்க முடியாதவர் எல்லோரும் வரிசையாக அவள் கைக்குக் கீழே போய்க்கொண்டிருப்பார்கள்.

அவள் எடுத்த பாட்டு அவற்றுள் கிடைத்ததுதான். சொல்லுக்குச் சொல் அயாக்கோ திருத்தினாள். மாதக்கணக்காகப் பற்றிமா காரில் அந்தக் கணினிக் குரலோடு சேர்ந்து பாடினாள். ஒரு சொல் தவறாமல் வந்தது.

நகருக்குள் ஒரு கரோக்கே கடையில் வருடா வருடம் ஜப்பானியப் பாட்டுப் போட்டி நடக்கும். இரண்டு சுற்று. கடைக்காரர் கென்ஜி மரியாதையான மனிதர். முதற்சுற்றில் பற்றிமாவின் பெயரைப் பிழையில்லாமல் சொல்லி மேடைக்கு அழைத்தார்.

முதல் சரணம் சரியாகத்தான் போனது. இரண்டாவதில் ஒரு சொல்லின் நடுவில் பாட்டு இல்லாமல் போனது. தாளம் மட்டும் ஓடியது. பிறகு அந்தச் சொல்லின் மிச்சப் பாதி வந்தது. அடுத்த வரியிலும் அப்படி. அதற்கடுத்ததிலும் அப்படி. மைக் வயர் அறுந்துவிட்டது என்று நினைத்து ஒருவன் சிரித்தான். கென்ஜியும் அப்படித்தான் நினைத்தார். குனிந்து மேடைக்கு வந்து, அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த மைக்கை வாங்கிவிட்டு வேறொன்றைக் கொடுத்தார். அதிலும் பாட்டு விட்டு விட்டுத்தான் வந்தது. பற்றிமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அவள் முழுவதையும் பாடிக்கொண்டிருந்தாள்.

அன்று ஒன்பது பேர் பாடினார்கள். பற்றிமா உட்பட எட்டுப் பேரை இரண்டாம் சுற்றுக்கு எடுத்தார்கள். ஒன்பதாமவன் சொல் மறந்து பாதியில் இறங்கிப் போனவன்.

கென்ஜி அருகில் வந்து மெதுவாகச் சொன்னார். மெஷினில் வேகத்தை இரண்டு படி குறைக்கலாம். சுருதியையும் இறக்கலாம். அல்லது பழைய மெதுவான பாட்டு ஒன்றை எடுக்கலாம், அவளுடைய குரலுக்கு அழகாக இருக்கும். குரல் என்றுதான் அவர் சொன்னார். வயது என்று பற்றிமாவுக்குக் கேட்டது.

கிறகோரி வெளியே காரில் காத்திருந்தான்.

"என்ன, வயரோ?" என்றான். சத்தம் வெளியிலும் கேட்டிருக்கிறது.

"வயரில்லை. நான்."

 வீட்டில் கறியைச் சூடாக்கும்போது அவன் தொடங்கினான்.

"அந்த மனிசன் சொன்ன மாதிரி ஸ்லோவாக்கிப் பாடுமன். ஜெயிலிலையோ போடப் போறாங்கள்?"

"நீங்கள் லொறியை ஃபேர்ஸ்ற் கியரிலை ஓட்டிப் பாண் குடுப்பியளோ?"

"பாண் காஞ்சு போம்."

"ஓம். இதுவும் காஞ்சு போம்."

ஜெனோஜாவுக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னான். அம்மா, திஸ் இஸ் சோ எம்பரஸிங் என்றுவிட்டு, வீடியோ இருந்தால் அனுப்பச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு பூசையில் காணிக்கைப் பாட்டு. வரிகள் நீளமானவை. பாதியில் பற்றிமாவின் வாய் தானாக மூடிக்கொண்டது, மூக்கு மூச்சை எடுத்தது, வாய் திரும்பத் திறந்தது. ஒரு சொல்லின் நடுவில். பாட்டு நிற்கவில்லை. முன்னால் நின்றவளும் பக்கத்துக் கதிரைக்காரியும் அந்தச் சொல்லை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் மூச்செடுத்த இடத்தில் பற்றிமா பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பாடகர் குழுவை நடத்தும் ஞானசேகரம் மாஸ்டர் முதல் நாளே பழக்கிவிட்ட பாடம் அது. மூச்சுச் சத்தம் கேட்கக்கூடாது. எல்லோரும் வரி முடிவில் சேர்ந்து மூச்செடுத்தால் பாட்டில் ஓட்டை விழும், ஆகவே ஆளுக்கொரு இடத்தில், சொல்லின் நடுவிலே களவாக எடுங்கள், மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவள் அதில் கெட்டிக்காரி. அவள் எங்கே மூச்செடுக்கிறாள் என்று அவளுக்கே தெரியாத அளவுக்குக் கெட்டிக்காரி. காரில் பாடியபோதும் அந்தக் கணினிக் குரல் பக்கத்துக் கதிரைக்காரி மாதிரி அவளுடைய ஓட்டைகளை மூடிக்கொண்டே வந்திருக்கிறது. கரோக்கே மெஷின் அந்தக் குரலை எடுத்துவிட்டது. மிச்சம் இருந்தது அவள் மட்டும்.

அன்று பின்னேரம் பழைய ஜப்பானியப் பாட்டுகளையும் புதியவற்றையும் மாறி மாறிக் கேட்டாள். இந்த முறை குரலைக் கேட்கவில்லை, மூச்சைத் தேடினாள். பழையவற்றில் பாடகிகள் மூச்செடுப்பதே இல்லை. பதிவுக்காரர்கள் வெட்டி எடுத்திருக்க வேண்டும். இப்போதையவற்றில் மூச்சு அப்படியே கிடந்தது. காதோரம் யாரோ காற்றை இழுப்பது போல. சில இடங்களில் அதுவே தாளமாக விழுந்தது. மறுநாள் பெல்ற்றில் அயாக்கோவிடம் கேட்டாள். ஓம், இப்போது அதை விட்டுவைப்பதுதான் வழக்கம் என்றாள் அயாக்கோ. கணினிக் குரலுக்கும் மூச்சுச் சத்தத்தைத் தனியாக எடுத்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்களாம், ஆள் பாடுவது போலத் தெரியவேண்டுமென்று.

பற்றிமா அதை வீட்டில் கிறகோரிக்குச் சொன்னாள். "இல்லாத நெஞ்சுக்கு மூச்சு வாங்கி வைக்கிறாங்கள். நான் இருக்கிறதை ஒளிச்சுக்கொண்டு நிக்கிறன்."

பாட்டில் இடம் இல்லை. ஆகவே இடத்தை உண்டாக்க வேண்டும். வரியின் முதல் அசையை டிரம்மின் முதல் அடிக்கு விட்டுக்கொடுத்து, அந்த அடியிலேயே வாயைத் திறந்து, மைக்குக்குக் கேட்கும்படி காற்றை இழுப்பது. அசை ஒன்று போகும். சொல் உடையாது. சொல்ல இலகுவாக இருந்தது. வாய் கேட்கவில்லை. காரில் மூலப்பாட்டை நிறுத்திவிட்டு, தாளத்தை மட்டும் போட்டுப் பாடினாள். வாய் பழையபடி நடுச் சொல்லில் மூடிக்கொண்டது. திரும்பத் தொடங்கினாள். பெல்ற்றில் தட்டுக்குத் தட்டு, அயாக்கோவின் அகப்பை சட்டியில் படும் சத்தத்துக்கு மூச்சை இழுத்தாள். குளிக்கும்போது பாடினாள். லொறி ரயரின் காற்றுப் போகிற சத்தம் கேட்குது என்று கிறகோரி கதவுக்கு வெளியில் நின்று சொன்னான்.

ஒருவழியாக வாய் கேட்டது. ஆனால் கேட்கக்கூடாத இடத்திலும் கேட்டது. ஞாயிறு பூசையில், தியானப் பாட்டின் அமைதியான இடத்தில், பற்றிமாவின் மூச்சு கோவில் முழுவதும் கேட்டது. பூசை முடிய மாஸ்டர் அவளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இருமலோ?"

"இல்லை மாஸ்டர். மூச்சு."

"அதைத்தானே ஒளிக்கச் சொன்னனான்."

"இஞ்சை ஒளிக்கிறன் மாஸ்டர். இன்னொரு இடத்திலை ஒளிக்க ஏலாது."

எங்கே என்று மாஸ்டர் கேட்டார். சொன்னாள். அவர் பாட்டுத் தாள்களை அடுக்கி முடித்தார். ஞாயிறுக்கும் மற்ற நாளுக்கும் வாயை மாற்றிப் போட முடியுமானால் தனக்கு ஆட்சேபனை இல்லை என்றார். முடியும் என்றாள். அடுத்த ஞாயிறு அப்படியே செய்தும் காட்டினாள்.

இரண்டாம் சுற்றுக்குக் கடை நிறைந்திருந்தது. முன்மேசையில் ஐடல் பாட்டுப் பாட வந்த ஒரு பெட்டையின் சிநேகிதர்கள், கையில் நிற விளக்குகளோடு. கென்ஜி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார். அவருடைய விரல் வேகத்தைக் குறைக்கும் பொத்தானுக்கு மேலே இருந்தது. இரண்டு படி, என்று கண்ணால் கேட்டார். பற்றிமா தலையை ஆட்டி மறுத்தாள். ஒரு படி, என்று விரலைக் காட்டினார். அதற்கும் மறுத்தாள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

எடுத்த எடுப்பிலேயே குரல் தொடங்க வேண்டும். தொடங்கினாள். முதல் வரி முடிய, அடியில் காற்றை இழுத்தாள். ஸ்பீக்கரில் அது பெரிதாகக் கேட்டது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வரி. அடுத்த மூச்சு. சொற்கள் முழுசு முழுசாக வந்தன. முதற்சுற்றில் அறுந்த இடங்களை ஒவ்வொன்றாகக் கடந்தாள்.

இரண்டாம் பல்லவியில் அவள் மூச்செடுத்த அடியில் முன்மேசையிலிருந்து ஒருவன் "ஹை" என்று கத்தினான். அவனுக்கு அது பழக்கம். இடைவெளி ஒன்று கேட்டால் கத்துகிறவர்கள் அவர்கள். பற்றிமா திடுக்கிட்டு ஓர் அசையை விட்டாள். அடுத்த மூச்சில் இரண்டு பேர் கத்தினார்கள். அதற்கடுத்ததில் மேசை முழுவதும். விளக்குகள் அந்த அடியோடு மேலே போய்க் கீழே வந்தன. அவள் அவர்களைப் பார்க்கவில்லை. பார்த்தால் பாட்டை விட்டுவிடுவோம் என்று தெரிந்தது. வெளியே போகும் கதவின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு பாடினாள்.

கடைசிப் பல்லவியில் சுருதி ஏறியது. நெஞ்சு எரிந்தது. ஓரிடத்தில் காற்றுப் போதவில்லை, வாய் பழைய பழக்கத்துக்கு மூடப் பார்த்தது. விடவில்லை. அந்தச் சொல்லை வெறும் சத்தமாகவே தள்ளிக்கொண்டு போய் அடுத்த அடியில் சேர்த்தாள். மேசை கத்தியது. காற்றை இழுத்தாள். மிச்சம் இரண்டு வரி இருந்தது. பாடினாள். மெஷினும் அவளும் ஒரே அடியில் பாட்டை முடித்தார்கள்.

பரிசு ஐடல் பாட்டுப் பாடிய பெட்டைக்குப் போனது. பற்றிமாவுக்கு ஒன்றும் இல்லை. கென்ஜி கைகுலுக்கி, அந்த மூச்சை எங்கே பழகினாள் என்று கேட்டார். கோவிலில் என்றாள். அவர் தலையாட்டினார், விளங்கியிருக்காது.

இந்த முறை கிறகோரி உள்ளே வந்து கடைசி மேசையில் இருந்திருக்கிறான்.  காருக்குள் ஏறி, சீற் பெல்ற்றைப் போட்டுவிட்டுச் சொன்னான்.

"நீர் மூச்செடுக்கேக்கை எல்லாம் நானும் எடுத்தனான். தலை சுத்திப் போச்சு. நீர் ஓட்டுமன்."

இருவரும் இறங்கி இடம் மாறினார்கள். பற்றிமா கதிரையை முன்னுக்கு இழுத்தாள்.

"அடுத்த வருசத்துக்கு ஒண்டு பார்த்து வைச்சிருக்கிறன்," என்றாள்.

"ஸ்லோவானதோ?"

"இல்லை. இதைவிடக் கெதி."

டூங்கபிவரை அந்தப் புதுப் பாட்டின் தாளத்தை மட்டும் போட்டுக்கொண்டு வந்தாள்.