உலகப் பண்பாடு படித்த இரண்டு வருடம்

உலகப் பண்பாடுகள் என்று ஒரு எம்.ஏ. படிப்பு எடுத்தவர்களுக்கு முதல் வேலை வெளிநாட்டில் கிடைப்பதில்லை. என்ன படிக்கிறோம் என்று உள்ளூரில் விளக்குவதுதான் முதல் வேலை. டாக்டர், இன்ஜினியர் என்று ஒரே வார்த்தையில் தப்பிக்க முடியாத படிப்பு படித்தவர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

டீக்கடை விளக்கம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் என் நைனாவிடம் கேட்டார்: "இன்னாண்ணே, பொண்ணு இன்னா படிக்குது?"

நைனாவுக்கு வேர்க்கடலை விவசாயம். கொஞ்சம் யோசித்தார். "ஒலகத்துல எந்த நாட்டுக்காரங்க வூட்டுக்குப் போனாலும் எப்டி நடந்துக்கணும்னு படிக்குது" என்றார். எங்கள் பேராசிரியர்கள் ஒரு செமஸ்டர் முழுக்கச் சொன்னதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்காரர் அசரவில்லை.

"இதுக்கு எதுக்குண்ணே யுனிவர்சிட்டி? ரெண்டு நாள் எங்க வூட்டுல வந்து இருக்கச் சொல்லு, என் பொண்டாட்டி சொல்லிக் குடுத்துடுவா."

அன்பரசன் குனியவில்லை

ஜப்பான் பாடம். எல்லோரும் எழுந்து நின்று இடுப்பை வளைத்து வணக்கம் சொல்லிப் பழகினோம். தளவானூர்ப் பக்கத்திலிருந்து வரும் அன்பரசன் மட்டும் நிமிர்ந்தே நின்றான். மேடம் காரணம் கேட்டார்.

"எங்க தாத்தா துண்ட இடுப்புல கட்டிக்கினு ஊருக்கெல்லாம் குனிஞ்சதே போதும் மேடம். நான் கை குலுக்கக் கத்துக்கறேன்."

மேடம் கோபப்படவில்லை. "அங்க மேனேஜரும் உனக்குத் திருப்பிக் குனிவாருப்பா" என்றார். "எவ்ளோ?" என்று கேட்டான். "உன் அளவுக்கு இருக்காது. ஆனா கட்டாயம் குனிவார்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, மேடமே அவன் எதிரில் வந்து நின்று குனிந்தார். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"எங்க தாத்தாவுக்கு யாரும் தலையக்கூட ஆட்டுனதில்ல மேடம். சரி, சொல்லிக் குடுங்க."

பத்மஜாவின் காலித் தட்டு

பத்மஜாவுக்கு மேல்சித்தாமூர். சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். வேலைக்கான கடைசித் தேர்வோ இரவு விருந்து. கம்பெனிக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேச வேண்டும். விருந்தில் தட்டைக் காலியாக வைப்பது அவமரியாதை என்று பாடத்தில் வேறு படித்திருந்தோம். "ரெண்டு வாய் வெச்சிடட்டுமாடி?" என்று கேட்டாள். "சாப்டுடி, யார் பாக்கப்போறா?" என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

அவள் சாப்பிடவில்லை. உடம்பு சரியில்லையா என்று வடக்கு ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த அம்மாள் விசாரித்தார். "இருட்டில் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சாகும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அஞ்சு மணிக்கே சாப்பிட்டுவிட்டேன், பேசத்தான் வந்தேன்" என்றாள். அந்த அம்மாள் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு ஒரு மணி நேரம் பேசினார். வேலை கிடைத்தது, அந்த அம்மாளின் ஊரிலேயே. பத்மஜா எனக்கு போன் செய்தாள்.

"அங்க கோடைல ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சமாம்டி! எங்க வம்சத்துலயே மொதமொதல்ல நான்தான் டின்னர் சாப்டப்போறேன்."

பஸ் ஸ்டாண்டில் ஒரு நிமிடம்

எனக்கு போர்ச்சுகலில் வேலை. வெளிநாட்டு ஊழியர்கள் அந்த நாட்டில் குடியேற உதவ வேண்டும். புறப்படும் நாளில் சென்னை பஸ் ஏற்றிவிட நைனா வந்தார். பெட்டியை ஏற்றினார், சன்னல் சீட்டில் துண்டு போட்டார், கீழே இறங்கி, "போய்ட்டு வா" என்று மட்டும் சொன்னார். நான் பெரிய பெண் ஆனதிலிருந்து அவர் என் தலையைக்கூடத் தொட்டதில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். நான் இறங்கி ஓடி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். பிறகு மெல்ல என் முதுகில் வைத்தார்.

"எல்லாரும் பாக்குறாங்க பாப்பா... பாத்தா பாக்கட்டும், இன்னும் கொஞ்சம் இரு."

எத்தனையோ நாட்டு வணக்கங்களுக்கு மார்க் வாங்கிய நான், திண்டிவனம் தாண்டும்வரை பக்கத்து சீட்டு அம்மாவின் முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு போனதுதான் என் படிப்பின் லட்சணம்.