ஓரத்தில் இரண்டு வார்த்தை

புகைப்படக் காப்பகத்தில் அவளை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவோம். பழைய நெகட்டிவ் பெட்டியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்தால் போதும், எது கெட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். வினிகர் வாடை வந்தால் உடனே குளிர் அறைக்கு அனுப்புவாள். இருபத்திரண்டு வருஷமும் தற்காலிக ஊழியர்தான். அந்த மூக்குக்கு ஒரு நிரந்தர வேலை போட்டுத்தர மேலே ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. பாவிகள்.

அவளுடைய அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தவர். அச்சக ஊழியர்கள் சேர்ந்து நின்ற ஒரே ஒரு படத்தில் அவரும் இருக்கிறார், வேறு படமே கிடையாது. அந்த நெகட்டிவ் எங்களிடம்தான் இருந்தது. பிரிண்ட் கேட்டு அவள் மனு கொடுத்து இரண்டு வருஷமாயிற்று. எந்தப் பெட்டி என்று கேட்டால், "பத்திரமா இருக்குடி" என்பாள். அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டாள்.

பழைய ஃபிலிம் எந்த ரகம் என்று அதன் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும். சுவரில் அவள் எழுதி ஒட்டிய அட்டை ஒன்று உண்டு: 'ஓரத்தில் நைட்ரேட் என்று இருந்தால் தீப்பிடிக்கும். தனியே எடு.'

வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் என்று நாலு நாள் லீவு போட்டாள். புது அதிகாரி அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, அதன்படியே எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னார். நான்தான் பிரித்தேன். பதினோரு பெட்டி. அவர் சொல்லி, தீயணைப்பு வண்டி எடுத்துப்போய் ஊருக்கு வெளியே எரித்தது.

திரும்பி வந்தவள் காலி அலமாரி முன்னால் நின்றாள்.

"ஓரத்துல சேஃப்டின்னும் போட்டிருந்துதா?"

"சிலதுல ரெண்டும் இருந்துதுக்கா."

"அதெல்லாம் தீப்பிடிக்காத சேஃப்டி ஃபிலிம்ல எடுத்த நகல்டி. நைட்ரேட்டை நகல் எடுத்தா அந்த எழுத்தும் கூடவே வந்துடும். ரெண்டு வார்த்தையும் இருந்தா பயமே இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. "இதை ஏன்கா அட்டையில எழுதல?"

"எல்லாத்தையும் எழுதி ஒட்டிட்டா அப்புறம் என்னை எதுக்கு வச்சிருப்பாங்க?"

யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. அவள் அட்டையைக் கழற்றி, கீழே அந்த இன்னொரு வரியை எழுதி, திரும்ப ஒட்டினாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அதுலதான் எங்க அப்பா படமும் இருந்துது. ரெண்டாவது வரிசையில இடது கோடி. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்திருப்பியே. முகம் தெளிவா இருந்துதா?"

"நான் ஓரத்தை மட்டும்தான்கா பார்த்தேன்."