எலுமிச்சம்பழத்தின் உயரம்

பூமிநாதன் முன்னால் யாராவது "ஏறக்குறைய" என்று சொல்லிவிட்டால் போதும், மனிதருக்கு முகம் சுருங்கிவிடும். காரைக்கால் நில அளவை அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாகச் சங்கிலி பிடிக்கிறவர். சர்வேயர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். சேற்றில் இறங்கி நின்று, தூக்குக்குண்டு ஆட்டம் அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பவர் இவர்தான். வரப்புத் தகராறில் அரிவாளைத் தூக்கிய அண்ணன் தம்பிகள்கூட, "பூமிநாதன் பிடிச்ச டேப்பா? அப்பச் சரி" என்று அடங்கிப் போயிருக்கிறார்கள். சுரக்குடியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வேலை கிடைத்ததும் தலத்தெருவுக்குக் குடிவந்தவர். வீட்டில் காலண்டர் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது என்று மனைவி சாரதாம்பாள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். அது பொய்யில்லை.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் 2009-ஆம் வருஷம் ஒரு கூட்டம் கணக்கிலிருந்து தள்ளிவைத்தது. அதுவும் அளவு சரியில்லை என்று!

ஆரம்பித்தவர் கபீர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். ஒரு படிவத்தை அச்செடுக்கப் போன பூமிநாதனை உட்காரவைத்து, திரையில் இருந்ததைப் படித்துக் காட்டினார்.

"அண்ணே, இதக் கேளுங்க. இந்த வருஷம் உலக வானியல் ஆண்டாம். கென்யா, பிரேசில், இந்தோனேஷியா, தென்னாப்பிரிக்கா, நம்ம நாடு, இந்த அஞ்சு நாட்டு ஆளுங்களும் சேந்து பூமியோட சுத்தளவ அளக்கப் போறாங்களாம். டெலஸ்கோப்பு கிலஸ்கோப்பு ஒண்ணும் வேணாமாம். ஒரு மீட்டர் கம்பி, ஒரு டேப்பு, வெயிலு. அவ்ளோதான்."

"வெயிலுக்கா நமக்குப் பஞ்சம்?" என்றார் பூமிநாதன். அளக்கிறது என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாகிவிட்டது.

விஷயம் இதுதான். பெரிய தொலைநோக்கி வாங்க வசதியில்லாத ஊர்க்காரர்கள் ஒன்றுசேர்ந்து, இருப்பதை வைத்து வானத்தைப் பார்ப்போம் என்று கிளம்பியிருந்தார்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாக வரும் நாளில், பூமத்திய ரேகை மேல் இருக்கும் ஊரில் உச்சி வேளையில் கம்பியை நட்டால் நிழலே விழாது. அதே நாளில் காரைக்காலில் ஒரு சாண் அளவுக்கு நிழல் விழும். அந்த நிழலும், இரண்டு ஊருக்கும் நடுவே தெற்கு வடக்காக உள்ள தூரமும் தெரிந்துவிட்டால் பூமி எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடலாம். கென்யா, பிரேசில், இந்தோனேஷியா மூன்றுக்கும் நிழல் இல்லாத ஊர்கள் அமைந்தன. நிழல் விழும் ஊர் தென்னாப்பிரிக்காவுக்கு ஒன்று, இந்தியாவுக்குக் காரைக்கால். எல்லாருடைய அளவையும் வாங்கித் தொகுத்தவர் வன்ஜிரு என்ற பெண்மணி. கென்யாவின் நன்யுகி என்ற ஊரில் ரோடு போடும் துறையில் சர்வேயர்.

"நம்ம சாதிதான்!" என்று பூமிநாதன் சொன்னது தொழிலைத்தான்.

மார்ச் இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை. கபீர் கடை மொட்டைமாடியில் வேலை நடந்தது. மாடி, மழைத் தண்ணீர் ஓடுவதற்காகச் சரிந்திருக்கும் என்று தெரிந்தவர் ஆதலால் பலகை போட்டு, ரசமட்டம் வைத்து, சீட்டுக்கட்டுச் சீட்டுகளை அடியில் செருகிச் சமன் செய்தார். கம்பியைத் தூக்குக்குண்டு பிடித்து நிறுத்தினார். நிழல் நுனி பளிச்சென்று விழுந்தது. கபீர் படம் எடுத்தார். நிழல் நீளம் இருபது சென்டிமீட்டருக்கு ஒரு நூல் மேலே. அன்றே கென்யாவுக்குப் போயிற்று.

ஏப்ரலில் பட்டியல் வந்தது. ஊர் ஊராகப் போட்டு, கடைசியில் ஒரு வரி: "இந்தியா, காரைக்கால்: சேர்க்கப்படவில்லை." காரைக்கால் நிழலை வைத்துக் கணக்குப் போட்டால் பூமி முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் வருகிறதாம். தென்னாப்பிரிக்கா கணக்கில் நாற்பதாயிரத்தை ஒட்டி வந்த பூமி, காரைக்காலுக்கு வந்ததும் இளைத்துப் போய்விட்டது.

ஆபீஸில் அப்போதிருந்த சர்வேயருக்கு வாய்க்கு அவல் கிடைத்தது. "என்ன பூமி, நம்ம கொம்யூன் பஞ்சாயத்துல ஆரு வளைச்சுப் போட்டது? ஆயிரத்தஞ்ஞூறு கிலோமீட்டரக் காணுமாமே!" என்று ஆபீஸே சிரித்தது. பூமிநாதனும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் உள்ளே நெஞ்சு எரிந்தது. தன் டேப்பை அலுவலகத்துப் புது டேப்போடு வைத்துப் பார்த்தார். கம்பியை மூன்று தடவை அளந்தார். ரசமட்டத்தைத் திருப்பிப் போட்டுச் சோதித்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. இருபத்தாறு வருஷத்தில் அவர் அளவை யாரும் தள்ளியதில்லை. இப்போது தள்ளியிருக்கிறார்கள், தப்பு எங்கே என்றும் தெரியவில்லை. செப்டம்பரில் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆனால் தப்பு எது என்று தெரியாமல் மறுபடி அளந்தால் மறுபடி அதே தப்புத்தானே வரும்? நாலு மாதம் இதே நினைப்பாக அலைந்தார். சாரதாம்பாளுக்குத் தாங்க முடியாமல் போயிற்று.

"ஏங்க, பூமி எவ்ளோ இருந்தா என்னங்க? நாமளா சுத்தி வரப் போறோம்?"

"நீ சும்மா இரு சாரதா. இந்தியாவையே எடுத்துட்டாங்க."

ஆகஸ்டில், கண்காட்சிக்குப் படம் வேண்டும் என்று வன்ஜிரு எல்லா ஊருக்கும் எழுதினார். கபீர் மார்ச்சில் எடுத்த படத்தை அனுப்பினார். மறுநாளே பதில் வந்தது. "அழகான படம். கம்பியின் உச்சியில் மஞ்சளாக ஓர் உருண்டை இருக்கிறதே, அது என்ன கருவி?"

கபீர் படித்துச் சொன்னார். இரண்டு பேரும் படத்தைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கம்பி உச்சியில் எலுமிச்சம்பழம்!

செருகியவர் வேறு யாருமில்லை, பூமிநாதனேதான். புதுக் கம்பி, வெள்ளிக்கிழமை, முதல் முதலாக வெளிநாட்டுக்குப் போகிற அளவு. சந்தனம் குங்குமம் வைத்து, உச்சியில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் குத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். கம்பியை அளந்தது முந்தின நாள் சாயங்காலம் வீட்டில். பழத்தைக் குத்தியது மறுநாள் மாடியில். நிழல் நுனி அவ்வளவு பளிச்சென்று உருண்டையாக விழுந்ததே, அது பழத்தின் நிழல். பழத்தால் நிழல் நீண்டது, நிழல் நீண்டதால் கணக்கில் பூமி சுருங்கியது. பார்த்து மெச்சிக்கொண்டுதான் அளந்தார். கம்பி ஆபீஸ் விஷயம், எலுமிச்சை சாமி விஷயம். ஒன்றின் நீளத்தில் இன்னொன்று போய்ச் சேரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கபீருக்கும் தோன்றவில்லை. புது லாரியிலிருந்து புதுப் படகுவரை பழம் இல்லாமல் எதுவும் கிளம்பாத ஊரில், பழம் யார் கண்ணில் படும்? அதைப் பார்க்க நன்யுகியிலிருந்து ஒருத்தி வரவேண்டியிருந்தது.

கபீர் முதலில் சிரித்தார். பூமிநாதன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டு, உள்ளதை எழுதி அனுப்பினார். அரை மணியில் மறுபதில் வந்தது. "அருமை! பழத்தின் உயரத்தைச் சொல்லுங்கள். மார்ச் கணக்கைத் திருத்தி இந்தியாவைச் சேர்த்துவிடுகிறேன்."

"பாத்தீங்களாண்ணே, முடிஞ்சிச்சு வேல. நாலு சென்டின்னு போட்டுடவா?"

"அளந்தியா?"

"எலுமிச்சம்பழம் வேற எவ்ளோண்ணே இருக்கும்? நாலு வச்சா நாப்பதாயிரத்துக்கிட்ட வந்து நிக்கிது. நானே போட்டுப் பாத்துட்டேன்."

"அளந்தியான்னுதான் கேட்டேன்."

"அன்னிக்கே வண்டிச் சக்கரத்துக்கடியில வச்சு நசுக்கிட்டுப் போயிட்டீங்களேண்ணே, எங்க போயி அளக்கறது?"

நாலு என்று ஓர் எண்ணைத் தட்டினால் இந்தியா உள்ளே வந்துவிடும், சர்வேயர் வாய் மூடிவிடும். பூமிநாதனுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் விடை தெரிந்துகொண்டு அதற்குத் தக்கபடி அளவு சொல்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அவர்களால்தான் ஊரில் பாதி வரப்புத் தகராறு.

"எழுது. எலுமிச்சம்பழம் நான் வச்சது. தப்பு என்னோடது. உயரம் தெரியாது, அளக்கல."

"அண்ணே..."

"எழுதுங்கறேன்ல."

கபீர் எழுதினார். மார்ச் கணக்கில் இந்தியா சேரவில்லை. அதே அளவில் வேறு பழம் வாங்கி அளந்து சொன்னால் என்ன என்று சாரதாம்பாள் கேட்டாள். "அது வேற பழம்" என்று சொல்லிவிட்டுப் பூமிநாதன் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் ஒரு விஷயம், அன்றைக்குத்தான் நாலு மாதத்துக்கப்புறம் நன்றாகத் தூங்கினார். தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டதே.

செப்டம்பர் இருபத்து மூன்று புதன்கிழமை. சனிக்கிழமை திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி. ஊர் முழுக்கத் தடுப்புக் கட்டைகளும் வெளியூர் பஸ்களுமாக இருந்தது. ஊரே சனியைப் பற்றிப் பேசிய வாரத்தில் பூமிநாதன் அரைநாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டுச் சூரியனைப் பிடிக்கக் கிளம்பினார். முந்தின நாளே சாரதாம்பாள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தாள்.

"எத்தன மணிக்கு அளக்கணும்?"

"உச்சி பன்னெண்டு மூணுக்கு."

"புதன்கெழம பன்னெண்டுலேந்து ஒன்றர ராகுகாலம்ங்க."

"அதுக்கு? சூரியன மூணு நிமிஷம் முன்னாடி வரச் சொல்ல முடியுமா?"

"சூரியன ஆரு சொன்னா? ராகுகாலத்துல ஆரம்பிக்கத்தான் கூடாது. நடந்துகிட்டிருக்கற வேல நடக்கலாம். பதினொண்ணே முக்காலுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க."

பூமிநாதன் பெண்டாட்டியிடம் வாதாடி ஜெயித்ததாகச் சரித்திரம் கிடையாது. பதினொன்று நாற்பதுக்கே தொடங்கினார். எலுமிச்சம்பழம் மாடிப்படியில் முதல் படியோடு நின்றுவிட்டது. பலகை மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழல் நுனியில் பென்சில் புள்ளி வைத்தார். ஆறு புள்ளி ஆயிற்று. பதினொன்று ஐம்பத்தெட்டுக்குக் கடல் பக்கமிருந்து ஒரு மேகம் வந்து சூரியன்மேல் உட்கார்ந்தது.

பன்னிரண்டு. நிழல் இல்லை. பன்னிரண்டு மூன்று. நிழல் இல்லை. பூமிநாதன் பென்சிலைப் பிடித்தபடியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அழுகை வருகிறாற்போல் இருந்தது. அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. கபீர் மேகத்தைத் திட்டிக்கொண்டே மாடியைச் சுற்றி வந்தார். பன்னிரண்டு ஒன்பதுக்கு மேகம் விலகியது. உச்சி தாண்டியாகிவிட்டது.

"போச்சாண்ணே?"

பூமிநாதன் விட்ட இடத்திலிருந்து புள்ளி வைத்துக்கொண்டே போனார். ஏழு வைத்தார். பதின்மூன்று புள்ளிகளையும் பார்த்தவர் சட்டென்று சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்தார். முதல் புள்ளியில் ஒரு முனை, கடைசிப் புள்ளியில் மறுமுனை. இழுத்துப் பிடித்தார். நடுவிலிருந்த பதினொன்றும் நூலுக்கடியில் வரிசையாகப் போய் ஒளிந்துகொண்டன. பகலும் இரவும் சமமான நாளில் நிழல் நுனி நேர்கோட்டில் நடக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. கபீருக்கும் தெரியாது. சந்தோஷம் தாங்காமல் பூமிநாதன் வாய்விட்டுச் சிரித்தார். நேர்கோடு கிடைத்துவிட்டால் அப்புறம் என்ன கவலை? உச்சி நிழல்தான் அன்றைய நிழல்களிலேயே குட்டை; கம்பியடியிலிருந்து கோட்டுக்குச் செங்குத்தாக அளந்தால் அதுதான் கிடைக்கும். அது தினமும் வயலில் செய்கிற வேலை. மூலைமட்டத்தை வைத்து அளந்தார். பத்தொன்பதரை சென்டிமீட்டர்.

அன்றைக்குச் சாரதாம்பாள் பேச்சைக் கேட்காமல் உச்சிக்கென்று மட்டும் காத்திருந்தால் வெறும் மேகம்தான் கிடைத்திருக்கும். அதை அவள் அவருக்கு மறக்கவிடவும் இல்லை.

வன்ஜிருவுக்கான கடிதத்தில் பதின்மூன்று புள்ளிகளையும் நேரத்தோடு எழுதும்படி கபீரிடம் சொன்னார் பூமிநாதன். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "உச்சி வேளை நிழலை நான் பார்க்கவில்லை. மேகம். இது நூல் பிடித்துக் கண்ட அளவு." கபீர் தலையில் அடித்துக்கொண்டார். "இதையும் சொல்லணுமாண்ணே? மறுபடி தள்ளிடுவாங்கண்ணே!"

"தள்ளுனா தள்ளட்டும். பாக்கலன்னா பாக்கலதான்."

சொல்லிவிட்டாரே தவிர, அடுத்த மூன்று வாரமும் ஆபீஸ் விட்டால் நேரே கபீர் கடைக்குத்தான். வந்துச்சா? வரலண்ணே. வந்துச்சா? வரலண்ணே. அக்டோபர் நடுவில் ஒருநாள் கபீர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தார்.

"இந்தியா, காரைக்கால்: சேர்க்கப்பட்டது!"

நாற்பதாயிரத்தை ஒட்டி வந்திருந்தது. பூமிநாதன் அந்த வரியைத் திரையில் விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். ஆங்கிலத்தில் தன் ஊர்ப் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"கீழ உங்களுக்குன்னு தனியா எழுதியிருக்காங்கண்ணே. 'மற்ற ஊர்களின் அளவுகளை எல்லாம் இரண்டு முறை சரிபார்த்தேன். காரைக்கால் அளவை மட்டும் சரிபார்க்கவில்லை.'"

பூமிநாதன் துள்ளி எழுந்தார். "ஏன் பாக்கல? நம்ம அளவுன்னா அவ்ளோ எளக்காரமா? எழுது, பாக்கச் சொல்லி எழுது!"

"இருங்கண்ணே, இன்னும் ஒரு வரி இருக்கு. 'ஒரு பழத்தின் உயரத்தைக்கூட அளக்காமல் சொல்ல மாட்டேன் என்றவர் அனுப்பிய எண் அது. நானும் சர்வேயர். எனக்கு அது போதும்.'"

பூமிநாதன் உட்கார்ந்தார். கண் நிறைந்துவிட்டது. பார்த்தே இராத ஒருத்தி, எந்தத் தேசத்திலோ இருந்துகொண்டு, இருபத்தாறு வருஷத்தில் அவர் ஆபீஸில் யாரும் சொல்லாததைச் சொல்லிவிட்டாள். தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். கபீர் விசைப்பலகை மேல் கையை வைத்துக் காத்திருந்தார்.

"என்னண்ணே எழுதட்டும்?"

"ரொம்ப சந்தோஷம்னு எழுது" என்றார் பூமிநாதன். "எழுதிட்டு, இருந்தாலும் ஒரு தடவ சரிபாத்துடச் சொல்லு."