முழு வாடகைக்கு வந்த ஆள்

எங்கள் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் அரசுவுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். தேவனாம்பட்டினத்து மீனவர், சுனாமிக்குப் பிறகு கடலுக்கே போகாமல் ஆட்டோ வாங்கிவிட்டார். கேலி செய்தால் சிரித்துக்கொள்வார். ஒரே மகள் சினேகா, அப்போது ஒன்பதாம் வகுப்பு. பாடத்துக்கு வேண்டும் என்றாளே என்று மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அனுப்பினார். பள்ளிப் பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று அங்கே, முன்பின் தெரியாதவர்களோடும் பேசிப் பழகும் ஆர்குட் பக்கத்தை அடைத்து வைத்திருந்தார்கள். அரசுவுக்கு அது போதும். ஆனால் நம் பிள்ளைகள் லேசுப்பட்டதுகளா? ப்ராக்ஸி என்று வேறொரு பக்கத்தைத் திறந்து, அதன் வழியாக உள்ளே போக வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியும்.

2009இல் ஒரு சனிக்கிழமை மதியம், பஸ் ஸ்டாண்டில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அரசுவின் வண்டியில் ஏறினார்.

"மத்தவங்களுக்கு நிக்க வேணாம்ணே. முழு வாடகையும் தர்றேன், தேவனாம்பட்டினம் போங்க."

பாதி வழியில் செல்போனை நீட்டினார். "இந்தப் பொண்ணு வீடு தெரியுமாண்ணே? ஐஸ் பேக்டரி பக்கம்னு சொல்லிச்சு."

பொங்கலுக்கு அரசுவே ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் எடுத்த சினேகாவின் படம் அது.

"நீங்க யாரு சார்?"

"சொந்தக்காரன்தான். அப்பா சிங்கப்பூர்ல இருக்காரு. அம்மா மீன் விக்கப் போனா சாயந்திரம்தான் வரும். கொஞ்சம் நின்னீங்கன்னா, பொண்ணையும் ஏத்திக்கிட்டு பாண்டி பஸ்ல விட்டுரலாம்."

சிங்கப்பூரில் இருப்பதாக மகள் சொல்லி வைத்த அந்த அப்பா அரசுதான். வண்டி ஆடியது. "ரோடு மோசம் சார், குறுக்கால போயிடுறேன்" என்று சமாளித்து, போலீஸ் ஸ்டேஷன் பக்கம் திருப்பினார். காக்கிச் சட்டையைத் தூரத்தில் கண்டதுமே அவன் குதித்துச் சந்துக்குள் ஓடிவிட்டான்.

அரசு துரத்தவில்லை. வேறு ஆட்டோ பிடித்து அவன் முந்திவிட்டால்? நேரே வீட்டுக்குப் பறந்தார்.

ஆட்டோ சத்தம் கேட்டு சினேகா வெளியே ஓடிவந்தாள். தீபாவளிச் சுடிதார், தோளில் பை, பைக்குள் துணிமணி. அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ப்ராக்ஸிலதாம்பா பேசினேன். யாருக்கும் தெரியாதுன்னு கூடப் படிக்கிறவங்க சொன்னாங்க" என்று அழுதாள்.

பெற்றவனுக்குத்தான் தெரியவில்லை. வீட்டில் ஆள் இல்லாத நேரம்கூட அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். அன்றோடு அந்தப் பட்டப்பெயரை விட்டுவிட்டோம்.

போலீசில் எழுதிக் கொடுத்தும் ஆள் சிக்கவில்லை. சினேகா இப்போது பன்னிரண்டாவது. இன்றும் அரசுதான் பள்ளிக்குக் கொண்டுவிட்டுக் கூட்டிவருகிறார். முழு வாடகை தருகிறேன் என்றாலும் ஒற்றை ஆளை மட்டும் வைத்து வண்டி எடுப்பதில்லை.

"இன்னும் என்ன பயம் மச்சான்?" என்று போன வாரம் கேட்டேன்.

"எம் மூஞ்சி, வண்டி எல்லாம் அவனுக்கு ஞாபகம் இருக்கும் மச்சான். எனக்குத்தான் அவன் மூஞ்சி கொஞ்சம் கொஞ்சமா மறந்துக்கிட்டு வருது."