மேரிசுகந்தி கட்டிய கேர்னல்

நெடுந்தீவுப் பள்ளிக்கூடமொன்றில் கணினி படிப்பிக்கும் மேரிசுகந்திக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அதிபர் வல்லிபுரம் நீட்டிய கடிதத்தை வாசித்து முடித்தபோது அவள் கேட்டது அவர் காதில் அரைவாசிதான் விழுந்தது.

"இதில நீங்கள் ஏன் சேர் கையெழுத்து வைச்சனீங்கள்?"

வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் வாங்கிக் கொடுத்த சேவர் எனும் பெரிய கணினி, குறிகட்டுவானிலிருந்து படகில் வந்திறங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதைப் பொருத்திக் கொடுத்த கம்பனியின் ஆள் தயாபரன்தான் கடிதத்தை எழுதியிருந்தான். சேவர் பள்ளிக்கூடத்தின் தேவைக்கு உதவாதாம். வெள்ளிக்கிழமை வந்து திருப்பிப் படகில் ஏற்றுவானாம்.

தேவை பெரிதொன்றுமில்லை. கணினி அறையிலிருந்த பன்னிரண்டு கணினிகளும் பழசாகி, தனியே எதையும் ஓட்டமாட்டாமல் திணறின. சேவருக்குள்ளேயே, மென்பொருளால் மட்டும் ஆன பன்னிரண்டு மெய்நிகர் கணினிகளை ஓடவிட்டால், பழையவை வெறும் திரையாகவும் விசைப்பலகையாகவும் இருந்தால் போதும்.

"அந்தத் தம்பி ஏலாதெண்டு சொல்லிப்போட்டுது. நான் என்ன செய்ய, ரீச்சர்?"

"அவர் படகைப் பிடிக்கிற அவசரத்தில பத்து நிமிசம்தான் நிண்டவர். நீங்கள் அறைப்பக்கமே வரேல்லை. ரெண்டு பேருமாச் சேர்ந்து முடிவெடுத்திட்டியள்."

இந்தத் தீவிலேயே பிறந்து, மாடு வளர்த்த தகப்பனின் உழைப்பில் யாழ்ப்பாணத்தில் படித்து, திரும்பி வந்து பதின்மூன்று வருடமாகப் படிப்பிக்கிறவள் அவள். தீவுக்கு இவ்வளவு போதும் என்று மற்றவர்கள் அளந்து தருவதை அவள் ஒருநாளும் பொறுத்ததில்லை.

அன்றே சேவரைச் சோதித்தாள். அதன் செயலிக்கு மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வல்லமை தாராளமாக இருந்தது. பிழை கேர்னலில். வன்பொருளுக்கும் மற்ற நிரல்களுக்கும் நடுவே நின்று, சேவரிலிருந்த லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நடத்துவது அதுதான். கம்பனி தன் வசதிக்குச் சுருக்கிய கேர்னல் ஒன்றைப் போட்டுவிட்டு, மெய்நிகராக்கத்துக்கான பகுதியையே வெட்டி எறிந்திருந்தது. வெட்டினது தாங்கள், உதவாது என்றது கணினியை! அவளுக்குக் காதோரம் சுட்டது.

இறங்குதுறையில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அங்கே குந்தியிருந்து கேர்னலின் மூலநிரலைத் தரவிறக்கினாள். பள்ளிக்கூடம் திரும்பி, வெட்டியதைத் திரும்பச் சேர்த்தாள். வேண்டாதவை என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஆத்திரத்தோடு நீக்கினாள். பிறகு கொம்பைல் பண்ணவிட்டாள். மூலநிரல் துண்டுதுண்டாக இயந்திர மொழிக்கு மாறிக்கொண்டிருந்தது. பாதியில் மின்சாரம் போனது. வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

புதன்கிழமை புதுக் கேர்னலோடு சேவரை இயக்கினாள். தகவலெல்லாம் சேமித்திருக்கும் வட்டைக் காணவில்லை என்று சொல்லி அது நின்றுவிட்டது. வட்டோடு பேசும் பகுதியையும் ஆத்திரத்தில் அவளேதான் நீக்கியிருந்தாள்.

"எருமை!" என்று தன்னையே திட்டினாள்.

நல்லவேளை, பழைய கேர்னலை அழிக்கவில்லை. அதைக்கொண்டு சேவரை இயக்கி, இம்முறை ஒவ்வொரு வரியாக வாசித்து, மறுபடியும் கட்டினாள். வியாழன் பின்னேரம் பன்னிரண்டு திரைகளும் ஒளிர்ந்தன.

வெள்ளிக்கிழமை தயாபரன் சாக்கும் கயிறுமாக வந்தான். திரைகளைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"கேர்னலை மாத்தினா எங்கட உத்தரவாதம் செல்லாது, ரீச்சர்."

"ஏலாதெண்டு எழுதினது ஆர்? நீர்தானே?"

"கொம்பனி போட்டுத் தந்ததைத்தான்…"

"அப்ப கொம்பனி போட்டது பிழை எண்டு எழுதும். நான் மாத்தினதெண்டும் எழுதும். கீழ நான் கையெழுத்து வைக்கிறன்."

தயாபரன் அதிபரைப் பார்த்தான். அதிபர் யன்னலைப் பார்த்தார். கடைசியில், முதல் பாதியை விட்டுவிட்டு, உத்தரவாதம் முடிந்தது என்று மட்டும் எழுதினான். விடுபட்டதை மேரிசுகந்தி தன் கையாலேயே எழுதிச் சேர்த்து, கையெழுத்திட்டு, பிரதியும் எடுத்துக்கொண்டாள். சாக்கும் கயிறும் வெறுமனே படகேறின.

"நல்ல வேலை செய்திருக்கிறீங்கள், ரீச்சர்," என்றார் வல்லிபுரம் சிரித்துக்கொண்டு.

"திங்கட்கிழமை முதலாம் பாடவேளைக்கு வந்து பின்னுக்கு இருங்கோ சேர். அடுத்தமுறை எதில கையெழுத்து வைக்கிறியள் எண்டு தெரிஞ்சிருக்க வேணும்."

அவர் வந்தார், கதிரையில் முழுப் பாடவேளையும் இருந்தார். ஆனாலும் அந்தத் தவணை முடியும்வரை, கடமைக்கு மிஞ்சி ஒரு சொல்கூட அவரோடு அவள் பேசவில்லை.